புகைக்கூண்டில் கேட்ட அழுகை

சீரகச் சம்பா அரிசி வெந்து முடிந்து, பானையின் மூடியைத் திறக்கிறபோது முகத்தில் வந்து மோதுமே, அந்த மணம்தான். பொழுது சாய்கிற நேரத்தில் அது எங்கள் அடுப்படியில் வந்து நிற்கும். எங்கிருந்தோ காற்றில் மிதந்து வருகிற மணமாக இருக்காது. இப்போதுதான் யாரோ சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார்கள் என்பது போல, சூடும் ஈரமுமாக இருக்கும். ஆனால் அடுப்பில் தீ இருக்காது, பானையும் இருக்காது. அந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அந்த விறகடுப்பை நாங்கள் ஒரு முறைகூடப் பற்ற வைத்ததில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில், பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் சந்தொன்றில் இருந்தது அந்த வீடு. நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சாணார்பட்டி வழியாக நத்தம் போகிற தனியார் பேருந்தில் கண்டக்டர். நாங்கள் கிறிஸ்தவர்கள், மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் நன்றாகத்தான் இருந்தோம். அந்த வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஒரு பகல் முழுக்க அழுதுகொண்டேயிருந்தவன், மறுநாள் விடிந்தபோது அழவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கும் முன்பே அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொண்டு அம்மா காய்ச்சலில் கிடந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நிலக்கோட்டை மல்லிகையை உழக்கு உழக்காக வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார்கள். பூ வாட வாடப் புதுப்பூ வைத்தார்கள். பால் வற்றியது. அதற்குப் பிறகு அம்மா பூ வைத்துக்கொள்ளவில்லை, பேச்சும் குறைந்துபோனது. தொட்டிலுக்கென்று உத்தரத்தில் மாட்டிய கொக்கியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்பா கொக்கியைக் கழற்றினார். அவள் கொக்கி இருந்த இடத்தைப் பார்த்தாள். அதன் பிறகுதான் வீடு மாற்றினோம்.

புது வீட்டின் முன்பகுதியில் வீட்டுக்காரர் காதர் பாய் இருந்தார். பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவருடைய மனைவி மைமூனை நாங்கள் எல்லோரும் "லாத்தா" என்போம். அக்காவை அந்தத் தெருவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பின்பகுதி இரண்டு அறைகளும் பழைய அடுப்படியும் எங்களுக்கு. கல்யாணச் சமையலே செய்துவிடலாம் போன்ற பெரிய அடுப்படி அது. அடுப்பு மேடைக்கு மேலே, கவிழ்த்து வைத்த பெரிய கூடை மாதிரி செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு. அண்ணாந்து பார்த்தால் முதலில் கரி, அப்புறம் இருட்டு, அதற்கும் மேலே எங்கோ ஓட்டை வழியாக உள்ளங்கை அளவுக்கு வானம். அம்மா அந்தப் பக்கமே போகாமல், கதவோரமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தாள்.

மணம் வரத் தொடங்கி சில நாட்கள் கழித்து, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த லாத்தாவிடம் அம்மா கேட்டாள்: "என்ன லாத்தா, இந்நேரத்துல சோறாக்குறீங்களா? இம்புட்டு வாசமா வருது?"

"நான் மத்தியானம் ஆக்குனதுதாம்மா. எந்தப் பக்கம் இருந்து வருது?"

"எங்க அடுப்படிக்குள்ளதான்."

லாத்தா துணி எடுப்பதை நிறுத்தினாள். பாய் வீட்டில் இல்லை என்பதை ஒரு முறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள். லாத்தா பாய்க்கு இரண்டாவது மனைவி. மூத்தவள் பெயர் ஜொகரா. அவளுடைய கைச்சமையலுக்கு ஊரே ஆசைப்படுமாம்.

"ஒரு நா பொழுது சாயிறப்ப சோத்தைத் தம் போட்டுட்டு, செவுத்துல செத்த நேரம் சாஞ்சு உக்காந்திருக்கா. அம்புட்டுதான். எந்திரிக்கவே இல்ல. அடக்கம் பண்ணிட்டு வர்ற வரைக்கும் அந்தச் சட்டிய யாரும் திறக்கலையாம். நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல எனக்கும் அந்த வாசம் வந்துச்சும்மா. அதான் முன்னால தனியா அடுப்படி கட்டிக்கிட்டோம். அவுககிட்ட சொல்லிறாத."

நான் அன்றிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவைக் கூப்பிடுவேன். அப்பாவிடம் சொன்னபோது, "பேகம்பூர்ல குடியிருந்துக்கிட்டு சீரகச் சம்பா வாசம் வருதுன்னா பயப்படுறது? வராட்டித்தான் பயப்படணும்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மணம் வருகிற நேரத்துக்கு முன்பாகவே தன் வேலைகளை முடித்துவிட்டு, யாரோ வருவதாகச் சொல்லியிருப்பது போல அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தாள்.

அப்புறம் கரி உதிர ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் அடுப்பு மேடை முழுவதும் கறுப்பு மாவைச் சலித்துக் கொட்டியது போல் படிந்திருக்கும். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். படிந்திருந்த கரியில் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாக, நடுவில் மெத்தென்ற உள்ளங்கையும். என் கையில் பாதிகூட இருக்காது.

"பாத்தியா?" என்றாள் அம்மா. மாதக்கணக்கில் அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அப்போது இருந்தது. ஒரு ஈயக் கிண்ணத்தை எடுத்து அந்தத் தடத்தின் மேல் மெல்லக் கவிழ்த்து வைத்தாள். "யாரும் தொடைக்கக் கூடாது."

அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்திலிருந்து எங்கள் வீடு வரை உள்ள தெருக்களை மனதுக்குள் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கவே தெரியாத ஒருவன் அவ்வளவு தூரம் எப்படி வந்திருப்பான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அதற்கடுத்த வாரம் அழுகை கேட்டது. சாயங்கால பாங்கு முடிந்து தெரு ஒரு கணம் அடங்கியிருந்த நேரம். திண்ணமாக அது பூனைக் குரல் இல்லை. மெலிந்து, விட்டு விட்டு, மூச்சு வாங்கி மறுபடியும் தொடங்குகிற அழுகை. நான் கூடத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா இருக்கிறாளா என்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். விளக்குப் போடாத அந்த அறையில் அவள் அடுப்பு மேடைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தலையும் தோளும் புகைக்கூண்டுக்குள் போய்விட்டதால், கழுத்துக்குக் கீழே மட்டும்தான் அம்மா தெரிந்தாள். கூண்டுக்குள்ளிருந்து "ம்ம்ம்... ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது. என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது பாடியிருப்பாளே, அந்த ராகமாக இருக்க வேண்டும். மேலேயிருந்து வந்த அழுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது.

"அம்மா" என்றேன்.

அவள் குனிந்து வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் கரி, கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "சத்தம் போடாத. இப்பத்தான் அமத்தினேன்" என்றாள். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் நனைந்து கறுத்திருந்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்தபோதுதான் பால் வாடை அடித்தது.

இரவு அப்பா வந்ததும் வாசலிலேயே அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பை தோளில் தொங்க, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் பாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். புகைக்கூண்டின் மேல்வாயை வெயிலுக்கும் மழைக்கும் ஓடு வைத்து மூடி, பக்கவாட்டில் புகை போகத் திறப்பு விட்டிருந்தார்கள். அதில் ஒரு பக்கத்து ஓடு சரிந்திருந்தது. பக்கத்திலேயே கைப்பிடிச் சுவர்மீது காய்ந்த எச்சம். அப்பா அதைக் குச்சியால் கிளறினார். பப்பாளி விதையும் சப்போட்டாக் கொட்டையும் முழுசு முழுசாகக் கிடந்தன.

பாய் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அட, மரநாய், சேவியரு! குட்டி போட்டிருக்கும் போலருக்கு. அதுக்கு உடம்புல ஒரு வாசம் உண்டு. வெந்த சோறு மாதிரியே அடிக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவருக்கும் அந்த வாசம் முன்பே வந்திருக்கிறது என்பதும், அதற்கு அவர் வேறொரு காரணம் நினைத்திருந்தார் என்பதும், யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது அவர் முகத்தை நினைத்துப் பார்க்கும்போது புரிகிறது. பேய் இல்லை என்று தெரிந்துகொண்ட மனிதருடைய நிம்மதி அதில் இல்லை. யாரோ இரண்டாவது முறையாகச் செத்துப்போன மாதிரி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அப்பா இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். "மேரி, ஒண்ணுமில்ல. வெறும் மரநாய்!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"வாலைப் பாத்தேன். எம்புட்டு நீளம்!"

"தெரிஞ்சுக்கிட்டா அங்க போயி நின்ன?"

"அது இரை தேடப் போயிருக்கையில குட்டிக அழுகுது. யாராச்சும் சத்தம் குடுத்தா அடங்கிக்கிருதுக. அதுக்கு என்ன இப்ப?"

மனைவிக்குப் பேய் பிடித்திருந்தால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், புத்தி கலங்கியிருந்தால் டாக்டரிடம் போகலாம். எல்லாம் தெரிந்துகொண்டே ஒரு மிருகத்தின் குட்டிகளுக்குத் தாலாட்டுப் பாடுகிறவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தோன்றிய ஒரே வழி, குட்டிகள் அங்கே இருக்கக் கூடாது என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், அப்பாவும் பாயும் அந்த அடுப்பைப் பற்ற வைத்தார்கள். தென்னை மட்டை, அதன்மேல் பச்சை வேப்பிலை, கைப்பிடி காய்ந்த மிளகாய். "நெருப்பு வேணாம், புகைதான் வேணும். தானா கிளம்பிரும்" என்றார் பாய். லாத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதலில் புகை அறைக்குள்ளேயே சுருண்டு எங்களை இருமவைத்தது. பிறகு வழி கண்டுபிடித்து, யாரோ மேலேயிருந்து உறிஞ்சுவது போல ஒரே இழுப்பில் கூண்டுக்குள் ஏறியது. மேலே பரபரவென்று பிறாண்டும் சத்தம். கரி கட்டி கட்டியாக விழுந்தது. அழுகை கேட்டது. இந்த முறை அது விட்டு விட்டு வரவில்லை. ஒரே வீறிடலாக இருந்தது. புகைக்குள் காற்று புகுந்ததோ என்னவோ, மட்டை திடீரென்று தீப்பிடித்து எழுந்தது. அந்தத் தீயின் ஓரத்தில், பொத்தென்று கறுப்பாக ஏதோ வந்து விழுந்து துள்ளியது.

என் பின்னால் குடம் உருண்ட சத்தம் கேட்டது. அம்மா எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இடுக்கியைத் தேடவில்லை, துணியைச் சுற்றிக்கொள்ளவில்லை. வெறும் கையைத் தீக்குள் விட்டு அதை அள்ளி எடுத்தாள். அப்பா அலறிக்கொண்டே, அங்கே இருந்த தண்ணீரையெல்லாம் அடுப்பில் கொட்டினார். உஸ்ஸென்று ஆவி எழும்பி அறை முழுவதும் வெள்ளையாக மறைந்தது.

ஆவி அடங்கியபோது அம்மா மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது கை புறங்கையெல்லாம் சிவந்து தோல் சுருண்டிருந்தது. அந்தக் கையில்தான், இன்னும் சரியாகக் கண் திறக்காத அந்தக் குட்டி கிடந்தது. இடது கையால் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது புகைக்கூண்டுக்குள்ளிருந்து தாய் இறங்கி வந்தது.

பட்டப்பகலில், எங்கள் ஐந்து பேர் கண்ணெதிரே, தலைகீழாக, சுவரைப் பிடித்துப் பிடித்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. முகம் கறுப்பு, கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, உடம்பைவிட நீளமாக ஒரு வால். மேடையில் கால் வைத்ததும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. புகையையும் கரியையும் தாண்டி, அந்தச் சோற்று மணம் குப்பென்று அறையை நிறைத்தது. பாய் மூலையில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தார்.

"யாரும் அசையாதீக" என்றாள் அம்மா.

லாத்தாவின் உதடுகள் சத்தமில்லாமல் ஓதிக்கொண்டிருந்தன. அந்த மிருகம் முன்னங்காலை ஊன்றி எம்பி, வெந்த கையை முகர்ந்தது. அம்மா கையை இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் இரண்டும் அப்படி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை; இரண்டும் என்று எழுதிவிட்டேன், திருத்த மனம் வரவில்லை. அந்த நேரத்தில் என் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பிறகு அவள் குனிந்து, குட்டியை மேடைமீது வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். தாய் அதன் பிடரியைக் கவ்வியது. திரும்பியது. வந்த வழியே ஏறி இருட்டுக்குள் போய்விட்டது.

முதலில் உடைந்தவர் அப்பாதான். ஈரச் சாம்பல் தெறித்த தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் அழுதார்.

"ஒரு வார்த்தை கேக்கலையே மேரி. நான் மட்டும் தூக்கிட்டுப் போயி, நான் மட்டும் மண்ணைத் தள்ளிட்டு வந்தேன். எங்க வச்சேன்னு ஒரு வார்த்தை நீ என்னயக் கேக்கலையே."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாத்தா கொண்டுவந்து தடவிய தேங்காய் எண்ணெய் அவள் விரல்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வச்சீங்க?" என்றாள்.

கையில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்த பிறகு, அன்று சாயங்காலம் அப்பா எங்கள் இருவரையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரமாக, ஒரு வேப்பமரத்தடியில், முழ நீளத்துக்கு மண் மேடு. மரச் சிலுவை ஒன்று நட்டிருந்தார். அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. எழுதுவதற்குப் பெயர் இல்லை. அம்மா கட்டுப்போடாத கையை மண்மேல் வைத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்தில் லாத்தா காத்திருந்தாள். நாங்கள் போன சற்று நேரத்திலேயே மரநாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கைப்பிடிச் சுவர் வழியாகப் பக்கத்துப் புளியந்தோப்புக்குள் போய்விட்டதாம். "எல்லாத்தையும் கொண்டுபோயிருச்சும்மா. கடைசியா ஒரு தடவ வெறும் வாயோட திரும்பி வந்து, உள்ள எட்டிப் பாத்துட்டுப் போச்சு" என்றாள். மறுநாள் அப்பா நீளக் கம்பில் சாக்கைக் கட்டிப் புகைக்கூண்டை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. சரிந்த ஓட்டைச் சரிசெய்து, திறப்புகளுக்குக் கம்பிவலை அடித்தார். அடுத்த மழைக்காலம் முழுவதும் அம்மா அந்த அடுப்பில்தான் சமைத்தாள். புகை ஒழுங்காகப் போனது.

அந்த வீடு இப்போது இல்லை. பாயின் காலத்துக்குப் பிறகு அதை இடித்து, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகக் கட்டிவிட்டார்கள். புளியந்தோப்பு இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். என் வீட்டுச் சமையலறையில், ஸ்விட்சைத் தட்டினால் உறுமிக்கொண்டு புகையை இழுக்கிற ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதையும் சிம்னி என்றுதான் விற்கிறார்கள். அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய வலது புறங்கையில் தோல் இன்றும் பளபளவென்று, ரேகைகள் இல்லாமல் இருக்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம், இருவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. "அன்னைக்கே எல்லாம் கிளம்பிப் போனது நல்லதாப் போச்சும்மா. இல்லேன்னா வலை அடிச்சதுல உள்ள மாட்டியிருக்கும்" என்றேன்.

அம்மா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள்.

"வலை அடிச்சப்புறமும் கேட்டுச்சு" என்றாள்.

"என்னது?"

"அழுகைதான். பொழுது சாயிறப்ப. உங்கப்பாகிட்ட நான் சொல்லல, பாவம், அவரு அப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருந்தாரு. நானும் தொடச்ச கூண்டை எத்தனை தடவ ஏறி ஏறிப் பாத்தேன். ஒண்ணுமே கிடையாது. ஆனா அழுகுறான். அப்புறம் ஒரு நா பேரு வச்சுக் கூப்பிட்டேன். நின்னுருச்சு."

"என்ன பேரும்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டிராத பெயர். வெளியே விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற குரலில் அதைச் சொன்னாள்.